மருந்து கேட்காத வலிப்பு: பத்தரை வருடம் கழித்துத் தெரிந்துகொண்டவை

தம்பிக்கு முதல் வலிப்பு மாத்திரை எழுதப்பட்டது 2008 ஜூனில். அப்போது அவனுக்கு 13 வயது. "மூளை ஆபரேஷனுக்குத் தகுதி இருக்கிறதா என்று பார்த்தீர்களா?" என்று ஒரு டாக்டர் முதல்முறையாகக் கேட்டது 2019 பிப்ரவரியில். நடுவில் பத்தரை வருடம், ஆறு மருந்து, பாதியில் நின்ற டிப்ளமோ, கைவிட்டுப்போன இரண்டு வேலை. 2013-இலிருந்து 2018 வரை நான் நோட்டில் எழுதிவைத்த கணக்கில் மட்டும் 3,85,000 ரூபாய் இருக்கிறது. அதில் 42,000 தாயத்துக்கும் மூலிகைப் பொடிக்கும் போனது. பணம் போனதுகூடப் பரவாயில்லை. 2012-லேயே கேட்டிருக்க வேண்டிய கேள்வியை 2019-இல் கேட்டோம் என்பதுதான் இன்றுவரை நெஞ்சில் நிற்கிறது. அதனால் கதையைச் சுருக்கிவிட்டு, எங்கே எது தவறியது, ஏன் தவறியது என்பதை விரிவாக எழுதுகிறேன்.

முதலில் அவனுக்கு வந்தது என்ன என்று சொல்ல வேண்டும். கீழே விழுந்து கைகால் உதறி வாயில் நுரை தள்ளுவதுதான் வலிப்பு என்று ஊரே நினைக்கிறது, நாங்களும் அப்படித்தான் நினைத்தோம். அவனுக்கு அது வருடத்தில் நாலைந்து தடவைதான். வாரத்துக்கு இரண்டு மூன்று முறை வந்தது வேறு. "அக்கா, வயித்துல இருந்து அது ஏறுது" என்பான். அடுத்த நொடி பார்வை ஓரிடத்தில் நிலைக்கும். வாய் எதையோ மெல்லும். இடது கை முறுக்கிக்கொண்டு நிற்கும், வலது கை சட்டைப் பித்தானைத் தடவிக்கொண்டிருக்கும். ஒன்றரை நிமிடத்தில் தெளிவான், நடந்தது எதுவும் நினைவிருக்காது. இதைப் பல வருடம் "பராக்குப் பார்க்கிறான்" என்று திட்டியிருக்கிறோம். டாக்டரிடம் போனால் "இந்த மாதம் ஃபிட்ஸ் வந்ததா?" என்று கேட்பார். விழவில்லை என்பதால் "வரவில்லை சார்" என்போம். மருந்து வேலை செய்கிறது என்று அவரும் நம்பி அதையே தொடர்வார். மருந்து கேட்கவில்லை என்பதை நாங்களே மறைத்துக்கொண்டிருந்தோம்.

'மருந்து கேட்கவில்லை' என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டு வேறு விஷயங்கள் இருக்கின்றன. ஒன்று, சரியான மருந்து சரியான அளவில் உள்ளே போகவே இல்லை, அல்லது வந்தது வலிப்பே இல்லை. இன்னொன்று, எல்லாம் சரியாகப் போயும் மூளை அடங்கவில்லை. முதலாவது பொய்யான எதிர்ப்பு, இரண்டாவது உண்மையான எதிர்ப்பு. இரண்டுக்கும் வழி வேறு. எங்களுக்கு முதல் நாலு வருடம் முன்னதும் பின்னதும் கலந்தே ஓடியது.

முதல் மருந்து ஃபெனிட்டாயின். மலிவு, எங்கும் கிடைக்கும், ஆனால் குணம் விசித்திரமானது. நாளுக்கு 300 மி.கி. போட்டபோது ரத்தத்தில் அளவு 8 இருந்தது (10 முதல் 20 வரை இருக்க வேண்டும், மில்லிலிட்டருக்கு மைக்ரோகிராம் கணக்கில்). போதவில்லை என்று 400 ஆக்கினார்கள். பத்துப் பன்னிரண்டு நாளில் பிள்ளை குடித்தவன் மாதிரித் தள்ளாடினான், எல்லாம் இரண்டாகத் தெரிகிறது என்றான். ரத்த அளவு 29. மூன்றில் ஒரு பங்கு கூட்டியதற்கு அளவு மூன்றரை மடங்கு ஏறியிருக்கிறது. காரணம், கல்லீரல் ஃபெனிட்டாயினை உடைக்கும் வேகத்துக்கு ஒரு உச்சம் உண்டு. அதைத் தொட்டபின் போடுவதில் பெரும்பகுதி ரத்தத்திலேயே தேங்கும். அந்த இடத்தில் 25, 50 மி.கி. என்ற சின்னப் படிகளில்தான் ஏற வேண்டும். எங்களுக்கு அது தெரியாது, "இந்த மருந்து ஒத்துக்கவில்லை" என்று நிறுத்திவிட்டோம். ரத்த அளவு பார்க்கச் சொன்னால் காலை மாத்திரை போடுவதற்கு முன்னால் ரத்தம் கொடுங்கள். போட்ட பிறகு போனால் எண் கூடுதலாகக் காட்டலாம். ஃபெனிட்டாயினில் அளவை மாற்றிய மறுநாளே ஓடுவதிலும் பயனில்லை, நிலைப்பட இரண்டு வாரமாவது விட வேண்டும்.

2010-இல் கார்பமாசெபின். முதல் மூன்று வாரம் ஒன்றுமே வரவில்லை, அம்மா முருகனுக்குப் பால்குடம் எடுத்தாள். ஐந்தாவது வாரம் திரும்ப வந்தது. கார்பமாசெபின் தன்னைத்தானே உடைக்கும் நொதிகளைக் கல்லீரலில் தூண்டிவிடும். மூன்று நாலு வாரத்தில் அதே மாத்திரைக்கு ரத்த அளவு இறங்கிவிடும். இது மருந்தின் தோல்வியல்ல, அளவைக் கூட்ட வேண்டிய நேரம். கூட்டிக் கூட்டி நாளுக்கு 1,000 மி.கி. வரை போனோம், ரத்த அளவு சரியாக இருந்தது, வலிப்பு குறைந்தது, நிற்கவில்லை. இது ஒரு உண்மையான தோல்வி. 2011-இல் கூடவே வால்ப்ரோயேட் சேர்த்தார்கள். 11 கிலோ எடை ஏறியது, கை நடுங்கியது, வாரத்துக்கு ஒன்று என்ற கணக்கில் வந்துகொண்டே இருந்தது. இது இரண்டாவது உண்மையான தோல்வி.

இங்கேதான் நாங்கள் நின்றிருக்க வேண்டும். உலக வலிப்பு நோய் எதிர்ப்புக் கழகம் 2010-இல் ஒரு வரையறை வெளியிட்டது. நோய்க்குப் பொருத்தமான, உடல் தாங்கக்கூடிய இரண்டு மருந்துகளைத் தனியாகவோ சேர்த்தோ சரியான அளவில் கொடுத்தும் வலிப்பு முழுமையாக நிற்கவில்லை என்றால் அது மருந்துக்குக் கட்டுப்படாத வலிப்பு. 'நின்றது' என்பதற்கும் கணக்கு உண்டு: குறைந்தது 12 மாதம், அல்லது சிகிச்சைக்கு முன் இரண்டு வலிப்புக்கு நடுவே இருந்த மிக நீண்ட இடைவெளியின் மூன்று மடங்கு, எது அதிகமோ அது. இந்தக் கணக்கில் எங்கள் ஃபெனிட்டாயின் தோல்வியில் சேராது, ஏனென்றால் அதைச் சரியான அளவில் வைத்துப் பார்க்கவே இல்லை. அதை விட்டுவிட்டாலும் 2012-இல் இரண்டு ஆகிவிட்டது.

ஏன் இரண்டு என்கிறார்கள்? ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் அதுவரை மாத்திரையே எடுத்திராத 470 பேரைத் தொடர்ந்து பார்த்து 2000-இல் வெளியிட்ட ஆய்வு இருக்கிறது. முதல் மருந்திலேயே 47 சதவீதம் பேருக்கு நின்றது. இரண்டாவது மருந்தில் இன்னும் 13 சதவீதம். மூன்றாவது மருந்திலும், இரண்டு மருந்து சேர்த்ததிலும் நின்றவர்கள் மொத்தமே 4 சதவீதம். அதே ஊரில் 1,795 பேரை வைத்து 2018-இல் மறுபடி பார்த்தார்கள். அதற்குள் பத்துக்கு மேல் புது மருந்துகள் வந்துவிட்டன. ஆனாலும் நின்றவர்கள் கிட்டத்தட்ட அதே 64 சதவீதம்தான். புது மாத்திரைகளில் பக்க விளைவு குறைவு, அது நல்லது. ஆனால் அடங்காத அந்த மூன்றில் ஒரு பங்கு அப்படியே நிற்கிறது. அந்த 2000-ஆம் வருட ஆய்வின் எண்களை 2012-இல் யாராவது எங்களுக்குச் சொல்லியிருந்தால், அடுத்து வந்த லெவெடிராசிடம் (பாத்திரத்தைத் தூக்கி எறியும் அளவுக்குக் கோபம்), குளோபாசாம் (மூன்று மாதம் அற்புதம், பிறகு உடம்பு பழகிப்போய்ப் பழைய கதை), லாகோசமைட் (கார்பமாசெபினோடு சேர்ந்து தலைசுற்றல், இரண்டும் நரம்பு செல்லுக்குள் சோடியம் நுழையும் ஒரே வாயிலைத்தான் அடைக்கின்றன) என்று ஏழு வருடத்தைக் கரைத்திருக்க மாட்டோம்.

ஆனால் இரண்டு மருந்து தோற்றது என்று சொல்வதற்கு முன்னால் பொய்யான எதிர்ப்பை நேர்மையாகத் துடைத்துப் பார்த்துவிட வேண்டும். எங்கள் வீட்டில் மாத்திரை தவறியது நாங்கள் ஒப்புக்கொண்டதைவிட அதிகம். ஏழு கட்டம் போட்ட மாத்திரை டப்பா வாங்கிய பிறகுதான், மாதம் நாலைந்து வேளை விட்டுப்போவது தெரிந்தது. கல்யாண வீடு, ரயில் பயணம், விரதம், கடையில் சரக்கு இல்லாத ஞாயிறு, இவைதான் தவறும் இடங்கள். பத்து நாள் மாத்திரை எப்போதும் கையிருப்பில் இருக்கட்டும். கடைக்காரர் "அதே மருந்துதான், வேற கம்பெனி" என்று நீட்டினால், அதிலும் ஃபெனிட்டாயின், கார்பமாசெபின் என்றால், டாக்டரைக் கேட்காமல் மாற்றாதீர்கள். சி.ஆர். என்று போட்ட, மெதுவாகக் கரையும் மாத்திரையைப் பொடித்துக் கொடுத்தால் அந்த ஏற்பாடே கெட்டுவிடும். எங்கள் பாட்டி அதைத்தான் தேனில் குழைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

வேறு நோய்க்கு வாங்கும் மாத்திரையும் கெடுக்கும். பல்வலிக்கும் முதுகுவலிக்கும் சாதாரணமாக எழுதும் டிராமடால் வலிப்பைத் தூண்டக்கூடியது. சிப்ரோஃப்ளாக்சசின் வகை ஆன்டிபயாட்டிக்கும் அப்படியே. காசநோய்க்கான ரிஃபாம்பிசின் பல வலிப்பு மருந்துகளின் அளவை இறக்கிவிடும், ஐசோனியசிட் ஃபெனிட்டாயினையும் கார்பமாசெபினையும் ஏற்றிவிடும். வால்ப்ரோயேட் எடுப்பவருக்கு ஆஸ்பத்திரியில் மெரோபெனெம் ஏற்றினால் வால்ப்ரோயேட் அளவு ஓரிரு நாளில் மளமளவென்று சரியும். எந்த டாக்டரிடம், பல் டாக்டரிடம் போனாலும்கூட, வலிப்பு மருந்துச் சீட்டைக் கையோடு கொண்டுபோங்கள். மூலிகைப் பொடி பற்றியும் ஒரு வார்த்தை. வலிப்புக்கு என்று விற்ற சில பொடிகளில் ஃபீனோபார்பிட்டோன் என்ற பழைய வலிப்பு மருந்து கலந்திருந்தது சோதனையில் தெரியவந்திருக்கிறது. அதைச் சாப்பிட்டால் வலிப்பு குறையத்தான் செய்யும், பொடி தீர்ந்து திடீரென்று நிறுத்தினால் அடுக்கடுக்காக வரும். எங்களுக்கும் அப்படி ஒரு வாரம் வந்தது. அந்தப் பொடியில் என்ன இருந்ததோ, சோதித்துப் பார்க்கத் தோன்றவில்லை.

தவறான மருந்தும் உண்டு. பதின்ம வயதில் காலை எழுந்ததும் கை திடுக்கென்று உதறி டீ டம்ளர் கீழே விழுகிறது, தூக்கம் கெட்டால் பெரிய வலிப்பு வருகிறது என்றால் அது பெரும்பாலும் ஜே.எம்.இ. (ஜுவனைல் மயோக்ளோனிக் எபிலெப்ஸி) என்ற வகை. அதற்குக் கார்பமாசெபின், ஃபெனிட்டாயின் கொடுத்தால் அந்த உதறல் கூடும். 'கேட்காத வலிப்பு' என்று முத்திரை குத்தப்பட்ட பலர் மருந்தை மாற்றியதும் சரியாகிவிடுகிறார்கள். குழந்தைகளில் டிராவே நோய் என்ற, மரபணுக் குறையால் வரும் கடுமையான வலிப்புக்கும் சோடியம் வாயிலை அடைக்கும் மருந்து ஆகாது. மூளைக்குச் சர்க்கரை எடுத்துச் செல்வதில் குறையுள்ள குழந்தைக்கு மாத்திரையைவிடக் கீட்டோ உணவு முறைதான் (கொழுப்பு மிக அதிகம், மாவுச்சத்து மிகக் குறைவு) மருந்து. சிலருக்குப் பி6 வைட்டமின், இன்னும் சிலருக்கு உடலின் எதிர்ப்புச் சக்தியே மூளையைத் தாக்குவதால் ஸ்டீராய்டு. காரணத்தைத் தேடாமல் மாத்திரையை மட்டும் மாற்றினால் இவை எதுவும் கண்ணில் படாது.

கடைசியாக, வந்தது வலிப்புதானா? கட்டுப்படாத வலிப்பு என்று பெரிய மையங்களுக்கு அனுப்பப்படுபவர்களில் நாலில் ஒருவர் வரை வேறு காரணத்தால் அவதிப்படுபவர்கள். மயக்கமும் கைகாலைச் சில நொடி உதறவைக்கும். மன அழுத்தத்தால் வரும் தாக்குதல் வலிப்பு மாதிரியே இருக்கும். அது நடிப்பு இல்லை, அவர்கள் கையில் இல்லாமல்தான் வருகிறது, ஆனால் வலிப்பு மாத்திரை அதற்கு உதவாது. கண்ணை இறுக மூடியிருப்பது, தலையைப் பக்கவாட்டில் ஆட்டுவது, பத்து நிமிடத்துக்கு மேல் விட்டுவிட்டு வருவது போன்றவை சந்தேகத்தைக் கிளப்பும் அடையாளங்கள். வீட்டில் எடுத்த செல்போன் வீடியோ இங்கே பத்து ரிப்போர்ட்டுக்குச் சமம். வலிப்பு வந்தவரை ஒருவர் பக்கவாட்டில் கிடத்திப் பாதுகாக்கட்டும், இன்னொருவர் எடுக்கட்டும். போர்வையை விலக்குங்கள், முகமும் இரண்டு கைகளும் ஒரே சட்டத்தில் தெரிய வேண்டும். பெயர் கேளுங்கள், கையைத் தூக்கச் சொல்லுங்கள், "மஞ்சள் குடை" என்று ஏதாவது ஒரு சொல்லைச் சொல்லி, தெளிந்த பிறகு நினைவிருக்கிறதா என்று கேளுங்கள். முழுக்கத் தெளியும்வரை நிறுத்தாதீர்கள்.

இதெல்லாம் சரியாக இருந்தும் ஏன் அடங்குவதில்லை? ஒரே விடை கிடையாது. மாத்திரைகள் வலிப்பை அடக்குபவை, அதன் வேரை அறுப்பவை அல்ல. மூளைக்குள் போகும் ரத்தக் குழாய்ச் சுவரில், வேண்டாத பொருளை வெளியே இறைக்கும் புரதங்கள் உண்டு. அடங்காத வலிப்புள்ளவர்களிடமிருந்து அறுவையில் எடுத்த திசுவில் இந்தப் புரதம் கூடுதலாக இருந்தது. ரத்தத்தில் அளவு சரியாக இருந்தும் வலிப்பு கிளம்பும் இடத்தில் மருந்து குறைவாக இருக்கலாம் என்பது ஒரு விளக்கம். மருந்து போய்ப் பொருந்த வேண்டிய சோடியம் வாயிலின் அமைப்பே மாறிவிடுகிறது என்பது இன்னொன்று. செத்த செல்களின் இடத்தில் நரம்பு இழைகள் தாறுமாறாக முளைத்து, ஒன்றையொன்று தூண்டும் வலையாகிவிடுகின்றன என்பது மூன்றாவது. தம்பியின் ஹிப்போகாம்பஸில் (நினைவைப் பதியவைக்கும் மூளைப் பகுதி, இரண்டு பக்கமும் ஒவ்வொன்று உண்டு) நடந்தது பெரும்பாலும் இந்த மூன்றாவது வகை. ஒன்றரை வயதில் காய்ச்சலோடு அரைமணி நேரத்துக்கு மேல் அவனுக்கு ஜன்னி வந்தது. அந்த ஜன்னியும் பின்னாளில் ஹிப்போகாம்பஸ் சுருங்கி வடுவாவதும் பலருக்குச் சேர்ந்தே காணப்படுகின்றன. இந்தக் காய்ச்சல் கதையை அம்மா சொன்னது 2019-இல், அதுவும் கேட்ட பிறகுதான்.

அவனுடைய 2009 எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட்டில் 'நார்மல்' என்று இருந்தது. அது தலைவலிக்கும் தலைக்காயத்துக்கும் எடுக்கும் சாதாரண ஸ்கேன், 5 மி.மீ. கனத்தில் வெட்டிப் பார்ப்பது. ஹிப்போகாம்பஸ் சுண்டுவிரல் கனத்தில் வளைந்து கிடப்பது. அதன் நீளவாக்குக்குக் குறுக்காகச் சாய்த்து வெட்டினால்தான் இரண்டு பக்கத்தையும் ஒப்பிட முடியும். 2019-இல் காந்த சக்தி கூடிய 3 டெஸ்லா இயந்திரத்தில், 1 மி.மீ. துண்டுகளோடு, எபிலெப்ஸி புரோட்டோகால் என்று சீட்டில் எழுதி எடுத்தார்கள். வலது பக்கம் சுருங்கி வெளுத்துத் தெரிந்தது. ஸ்கேனுக்குப் போகும்போது அந்தச் சொல் சீட்டில் இருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் டாக்டரை எழுதச் சொல்லுங்கள். படங்களை சி.டி.யில் வாங்குங்கள், ரிப்போர்ட் தாள் மட்டும் போதாது.

பிறகு வீடியோ இ.இ.ஜி., அதாவது மூளையின் மின் அலையையும் ஆளையும் சேர்த்தே பதிவு செய்வது, நாலு நாள். தலைக்கு எண்ணெய் வைக்காமல் ஷாம்பு போட்டுக் குளித்துப் போக வேண்டும், முன்பக்கம் பித்தான் வைத்த சட்டை போட வேண்டும், ஏனென்றால் தலையில் ஒட்டிய கம்பிகளோடு பனியனைக் கழற்ற முடியாது. வலிப்பு வரவைப்பதற்காக மாத்திரையைக் குறைப்பார்கள். வரக் கூடாது என்று பத்து வருடம் சாமியிடம் வேண்டிக்கொண்டவர்கள் நாங்கள், வரட்டும் என்று காத்திருந்தது கொடுமையாக இருந்தது. கூட இருப்பவரின் வேலை முக்கியமானது. வந்ததும் மணியை அழுத்தி, கேமராவை மறைக்காமல் விலகி நிற்க வேண்டும். மூன்று தடவை வந்தது, மூன்றும் வலது நெற்றிப்பொட்டுக்கு உள்ளே, அந்தச் சுருங்கிய ஹிப்போகாம்பஸ் இருக்கும் பொட்டு மடலிலிருந்தே கிளம்பின. அந்த இடது கை முறுக்கம் வலது மூளையைக் காட்டும் அடையாளமாம். அம்மா வருடக்கணக்கில் பார்த்துக்கொண்டிருந்ததுதான். எந்தக் கை என்று அதுவரை யாரும் கேட்கவில்லை. நினைவாற்றல் சோதனையும் உண்டு, சொற்பட்டியலைக் கேட்டுத் திருப்பிச் சொல்வது. அதைத் தமிழில் வைக்கச் சொல்லுங்கள். ஆங்கிலத்தில் வைத்தால் சோதிப்பது நினைவையா, ஆங்கிலத்தையா என்று தெரியாது.

வலிப்பு கிளம்பும் அந்தப் பகுதியை வெட்டி எடுக்கும் அறுவை என்றதும் வீட்டில் அழுகைதான். ஆனால் இது நேற்று வந்த வைத்தியம் இல்லை. வேலூரில் டாக்டர் ஜேக்கப் சாண்டி 1950-களிலேயே வலிப்புக்கு மூளை அறுவை செய்திருக்கிறார். திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரை ஆஸ்பத்திரியில் 1995-இலிருந்து நடக்கிறது. கனடாவில் பொட்டு மடல் வலிப்புள்ள 80 பேரைச் சீட்டுக் குலுக்கிய மாதிரி இரண்டாகப் பிரித்துப் பார்த்த 2001 ஆய்வில், ஒரு வருட முடிவில் நினைவு தப்பும் வலிப்பு இல்லாமல் இருந்தவர்கள் அறுவைப் பிரிவில் 58 சதவீதம், மருந்துப் பிரிவில் 8. டெல்லி எய்ம்ஸில் 116 சிறுவர் சிறுமியரை வைத்து 2017-இல் வெளிவந்த ஆய்வில் அறுவைப் பிரிவில் 77 சதவீதம், மருந்துப் பிரிவில் 7. ஆபத்து இல்லாமல் இல்லை. பக்கவாதம் சிறு விகிதத்தில் வரலாம், மேல் ஓரப் பார்வை குறையலாம், இடது பக்கமானால் சொல் நினைவு பாதிக்கலாம். இந்தக் கேள்விகளை எழுதிவைத்துக் கேட்டோம், எழுதி வாங்கினோம். எல்லோருக்கும் இது பொருந்தாது. பொருந்தாதவர்களுக்குக் கீட்டோ உணவும், கழுத்து நரம்பை மின்சாரத்தால் தூண்டும் வேகஸ் நரம்புக் கருவியும் இருக்கின்றன. கருவிக்கு லட்சக்கணக்கில் ஆகும், பெரும்பாலும் குறைக்கும், முழுதாக நிறுத்துவது அரிது.

இன்னொன்றையும் யாரும் எங்களிடம் சொல்லவில்லை. கட்டுப்படாத வலிப்பில் தூக்கத்திலேயே உயிர் போவது உண்டு. வலிப்புள்ள பெரியவர்களில் வருடத்துக்கு ஆயிரத்தில் ஒருவர் அளவில் இப்படித் திடீர் மரணம் நேர்கிறது. கைகால் உதறும் பெரிய வலிப்பு அடிக்கடி வருபவர்களுக்கு ஆபத்து பல மடங்கு. தம்பி குப்புறப் படுத்துத் தனியறையில் தூங்கியவன். 'கொஞ்சம் வந்தால் பரவாயில்லை' என்ற எங்கள் சமாதானம் எவ்வளவு ஆபத்தானது என்று அன்றுதான் புரிந்தது. குளியலறைத் தாழ்ப்பாளைக் கழற்றினோம். ஐந்து நிமிடம் தாண்டினால் மூக்கில் அடிக்கும் மிடாசோலம் ஸ்ப்ரே, எடைக்கு எத்தனை அடி என்று டாக்டர் எழுதிய சீட்டோடு, ஃபிரிட்ஜ் மேல் இருக்கிறது. கையில் சாவி கொடுக்கும் அத்தையிடம் சண்டை போட்டு ஓய்ந்தாயிற்று.

2019 அக்டோபரில் அறுவை நடந்தது. வலது கண் ஒரு வாரம் வீங்கியிருந்தது, தாடைத் தசையை விலக்குவதால் ஒரு மாதம் வாயை அகலத் திறக்க முடியவில்லை, இட்லியைப் பிட்டுப் பிட்டுத்தான் சாப்பிட்டான். மூன்றாவது மாதம் காரணமில்லாமல் மனசு சோர்ந்து கிடந்தான். அறுவைக்குப் பின் இது வருவதுண்டு, மனநல மருத்துவரைப் பார்த்தது நல்லதாயிற்று. மாத்திரை உடனே நின்றுவிடாது. இரண்டு வருடம் கழித்துத்தான் ஒவ்வொன்றாகக் குறைத்தார்கள், கார்பமாசெபின் மட்டும் இன்னும் 400 மி.கி. காலையும் இரவும் போகிறது. நினைவு தப்புவது அதற்குப் பிறகு வரவில்லை. வயிற்றிலிருந்து ஏறும் அந்த உணர்வு மட்டும் வருடத்தில் இரண்டு தரம் வருகிறது. வந்தால் உட்கார்ந்துகொள்கிறான், தேதியையும் முந்தைய இரவு எத்தனை மணி நேரம் தூங்கினான் என்பதையும் நோட்டில் எழுதுகிறான். போன தடவை எழுதியது: "நாலு மணி நேரம். திருவிழா."